ஜெபத்தில் வெளியே போன கடிதம்

அண்ணை,

இன்று காலையில் மேசை லாச்சியை ஒதுக்கும்போது அந்த றப்பர் முத்திரை கையில் தட்டுப்பட்டது. மூடியைத் திறந்ததும் பழைய ஊதா மையின் மணம் வந்தது. ஒரு துண்டுக் கடதாசியில் குத்திப் பார்த்தேன். "கூட்டு நலன் – இரகசியம்." மை காய்ந்துபோனதால் பாதி எழுத்துத்தான் விழுந்தது.

அது கைக்கு வந்த முதல் நாள் நீங்கள் அதை உங்கள் புறங்கையில் குத்திப் பார்த்தீர்கள். "இனி என்னைத் திணைக்களம் தொட ஏலாது காணும்" என்று கையைத் தூக்கிக் காட்டினீர்கள். பக்கத்தில் நின்ற உங்கள் மச்சான், உங்கள் மனைவியின் தம்பி, விழுந்து விழுந்து சிரித்தார். "அத்தான், அக்காவுக்கும் ஒண்டு குத்துங்கோ, ஊர்க்கதை வெளியிலை போகாது" என்றார். என் சட்டத்தரணி மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு அந்த முத்திரையின் பெறுமதி தெரியும். எங்களுக்குத் தெரியாது.

அதற்கு முன் பதினைந்து வருடமாக நாங்கள் ஒருவரை ஒருவர் வெட்டிப் பிழைத்த ஒப்பந்தக்காரர்கள். வலிகாமத்தில் ஒரு மதகோ பள்ளிக்கூட மதிலோ விலை கேட்டு ரெண்டருக்கு வந்தால், உங்கள் விலைக்குக் கீழே என் விலை நிற்குமா என்பதுதான் என் கவலை. வழியில் கண்டால் தலையை ஆட்டுவோம், அவ்வளவுதான். பிறகு குருநகருக்கு அப்பால் மீனவர்களுக்கு ஓர் இறங்குதுறை கட்டும் வேலை வந்தது. வேலை தந்த அரசாங்கத் திணைக்களம் அதை இரண்டாகப் பிரித்துத் தந்தது. கரையிலிருந்து கடலுக்குள் போகும் மண் அணை உங்களுக்கு. அதன் முடிவில் நிற்கும் கொங்கிறீற் தளம் எனக்கு. வேலை முடிகிற தறுவாயில், உங்கள் அணை முடிந்து என் தளம் தொடங்கும் இடத்தில், விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு விழுந்தது.

திணைக்களம் இரண்டு ஒப்பந்தங்களையும் ஒரே நாளில் நிறுத்தியது. எங்கள் பெயர்களை ஏன் கறுப்புப் பட்டியலில் போடக்கூடாது என்று காரணம் கேட்டுக் கடிதமும் வந்தது. அந்தப் பட்டியலில் விழுந்தால் அரசாங்கத்துக்கு ஒரு வாய்க்கால் கூடக் கட்டமுடியாது. எனக்கு அது பெரிய அடிதான், ஆனால் தாங்கியிருப்பேன். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். நீங்கள் லொறி ஓட்டிப் பிழைத்து, அந்த லொறியை வாங்கி, அதன் கதவில் உங்கள் பெயரை நீங்களே தூரிகை பிடித்து எழுதியவர். அந்தப் பெயர் போனால் உங்களுக்கு வேறு ஒன்றும் இல்லை.

உடுவிலில் என் வீட்டுக் கேற்றடியில் நீங்கள் முதல் தடவையாக வந்து நின்றபோது சண்டைக்குத்தான் வந்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன். நானும் சண்டைக்கு ஆயத்தமாகத்தான் இருந்தேன். உங்கள் மண் இறங்கித்தான் என் தளம் வெடித்தது என்று பதில் கடிதம் கூட எழுதி வைத்திருந்தேன்.

"நீர் என்ரை மண்ணைச் சொல்லுவீர், நான் உம்மடை கொங்கிறீற்றைச் சொல்லுவன்," என்றீர்கள், உட்காராமலே. "அவங்களுக்கு அதுதான் வேணும். ரெண்டு பேரையும் மோதவிட்டுட்டு அவங்கள் தப்பிடுவாங்கள். அடி நிலத்தை ஆர் சோதிச்சது? அவங்கள்தானே?"

அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. திணைக்களம் தந்த நில அறிக்கையை மறுபடி எடுத்துப் பார்த்தோம். அவர்கள் துளை போட்டுச் சோதித்த இடம் வேறு, எங்களைக் கட்டச்சொன்ன இடம் வேறு. கட்டிய இடத்தின் அடியில் ஆழம்வரை களிமண். அன்று என் மனைவி கொண்டுவந்து தந்த தேத்தண்ணியை இரண்டு பேரும் ஆறவிட்டுத்தான் குடித்தோம். நான் எழுதி வைத்திருந்த கடிதத்தை நீங்கள் போனபிறகு கிழித்தேன்.

விவகாரம் நடுத்தீர்ப்புக்குப் போனது. நீதிமன்றத்துக்கு வெளியே, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை நடுவில் இருத்தி, இரண்டு பக்கமும் தங்கள் கதையைச் சொல்வது. உங்களுக்கு ஒரு சட்டத்தரணி, எனக்கு ஒருவர். ஒன்றாக நிற்கப்போகிறோம் என்றதும் என் சட்டத்தரணி எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்தில் படித்து, கொழும்பில் இப்படியான வழக்குகள் பேசிவிட்டுத் திரும்பி வந்த பெண். என் மகளின் வயது. நாங்கள் இருவரும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி அவர் முன்னால் இருந்தோம்.

சட்டத்தரணி ஒருவருக்கு நாம் மனம் திறந்து சொல்வதையும், அவர் நமக்கு எழுதுவதையும் எதிர்த்தரப்பு கேட்டு வாங்கமுடியாது என்று விளக்கினார். ஆனால் அதை மூன்றாம் ஆளுக்குக் காட்டினால் அந்தப் பாதுகாப்புப் போய்விடும். ஒரே எதிரியை ஒரே நலனுக்காக எதிர்ப்பவர்கள் உடன்படிக்கை எழுதிக்கொண்டு தங்களுக்குள் பகிர்ந்தால் மட்டும் அந்தப் பாதுகாப்பு நிற்கும். "ரெண்டு வீடு, ஒரு மதில் எண்டு நினையுங்கோ," என்றார். "மதிலுக்கு உள்ளை என்னவும் கதைக்கலாம். மதிலுக்கு வெளியிலை ஒரு சொல்லும் போகக்கூடாது. மனிசிமாருக்கும் சொல்லவேண்டாம்." நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினீர்கள். இரண்டு பேரும் கையெழுத்து வைத்தோம். முத்திரையையும் அவரே செய்வித்துத் தந்தார்.

இரண்டு கிழமை கழித்து உங்கள் மச்சான் சண்டிலிப்பாயிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஒரு உறை கொண்டுவந்து தந்தார். உங்கள் சட்டத்தரணி உங்களுக்கு எழுதிய அபிப்பிராயக் கடிதம். ஒவ்வொரு பக்கத்திலும் ஊதா முத்திரை. அதைத் தரவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இருக்கவில்லை. உங்கள் பலவீனம் அதில் எழுதியிருந்தது. கார்த்திகை அடைமழையில் ஒரு கிழமை, ஏழு நாளும், மண் இறுக்கம் சோதிக்காமல் அடுத்த அடுக்கு மண் போட்டிருந்தீர்கள். சோதனைப் பதிவுகளைப் பிறகு நிரப்பியிருந்தீர்கள். வெடிப்பு விழுந்த இடம் அதிலிருந்து வெகு தூரம், வெடிப்புக்கு அது காரணமில்லை. ஆனாலும் இதை அவர்கள் பிடித்தால் உங்கள் வாயிலிருந்து வருகிற எதையும் யாரும் நம்பமாட்டார்கள் என்று உங்கள் சட்டத்தரணி எழுதியிருந்தார்.

தொலைபேசி எடுத்தேன். "ஏன் அண்ணை இதை எனக்குத் தந்தனீங்கள்?"

"நீர் என்னோடை நிக்கிறீர். எங்கை குழி இருக்கெண்டு தெரியாமல் நிண்டால் நீரும் விழுவீர்," என்றீர்கள். "வாசிச்சிட்டுப் பூட்டி வையும்."

நான் பூட்டித்தான் வைத்தேன். கடிதம் என் அலுமாரியை விட்டு அசையவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் புதன்கிழமை பின்னேரம் ஜெபக்கூட்டம் நடக்கும். உங்களுக்கு அது பற்றித் தெரியாது. நீங்கள் கேட்டதும் இல்லை. பத்துப் பேர் வட்டமாக இருப்போம். ஜெபிக்க முதல் ஒவ்வொருவரும் தன் பாரத்தைச் சொல்லவேண்டும். ஒருவருக்கு மகளின் கலியாணம், ஒருவருக்கு முழங்கால் வருத்தம். மற்றவர்கள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் அந்தக் கிழமை முழுதும் தங்கள் குடும்ப ஜெபத்தில் சொல்லுவார்கள். என் தகப்பன் காலத்திலிருந்து இதுதான் வழக்கம். அங்கே சொன்னது வெளியில் போகும் என்று நாங்கள் யாரும் நினைப்பதே இல்லை, ஏனென்றால் அது போவது கடவுளிடம் என்று நினைப்பு.

என் முறை வந்தது. கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, இறங்குதுறை விசயத்திலை எங்களோடை நிக்கிற சகோதரன் அந்த மழைக் கிழமையிலை மண்ணைச் சோதிக்காமல் விட்ட குறையை நீர் மன்னியும், அவர் பிறகு எழுதின பதிவுகளும் அதைச் சொல்லுற சட்டத்தரணியின்ரை கடிதமும் எதிரியின்ரை கையிலை அகப்படாமல் காத்துக்கொள்ளும்" என்று வாய்விட்டு ஜெபித்தேன்.

உங்களுக்காகத்தான் ஜெபித்தேன் என்று கனகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது சொல்கிறேன், அது முழு உண்மை இல்லை. வெடிப்புப் பற்றி ஊரில் எல்லோரும் கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் என் பக்கத்துக் கதிரையில் இருப்பவர் கூட, "கொங்கிறீற்றிலை சீமெந்து காணாதோ?" என்று கேட்டார். குறை என்னிடம் இல்லை என்று அந்தப் பத்துப் பேருக்காவது தெரியட்டும் என்று எனக்குள் ஒரு ஆசை இருந்தது. அதை ஜெபம் என்ற பெயரில் சொல்லிவிட்டேன். நினைக்கவே கூசுகிறது.

அடுத்த அமர்வில் திணைக்களத்தின் சட்டத்தரணி எழுந்து, கார்த்திகை மழைக் கிழமையின் சோதனைப் பதிவுகள் பற்றிக் கேட்டார். சரியாக அந்தக் கிழமை. உங்கள் முகம் வெளிறியதைப் பார்த்தேன். உங்கள் சட்டத்தரணி எதிர்த்தார். அதற்குத் திணைக்களத்தின் ஆள், அப்படி ஒரு அபிப்பிராயக் கடிதம் இருப்பதும் அதில் என்ன இருக்கிறது என்பதும் வெளியில் பலருக்குத் தெரியும், ஆகவே இனி அது இரகசியமில்லை, அதை மேசையில் வைக்கச் சொல்லுங்கள் என்றார். நடுத்தீர்ப்பாளர் மூன்று கிழமை தவணை தந்தார். அந்தச் செய்தி எப்படி வெளியே போனது என்று அதற்குள் நீங்கள் விளக்கவேண்டும்.

திரும்பி வரும்போது வாகனத்தில் நீங்கள் விரலை மடித்து எண்ணினீர்கள். "சட்டத்தரணி, நான், மச்சான், நீர். நாலு பேர்." கொஞ்சநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "உவன் மச்சான் தேத்தண்ணிக் கடையிலை வாய் திறந்தால் மூடத் தெரியாதவன். உறையைப் பிரிச்சு வாசிச்சிருப்பான்."

என்னை நீங்கள் ஒரு கணம் கூடச் சந்தேகிக்கவில்லை. அப்போது எனக்கே நிச்சயம் இல்லை. ஆனால் எங்கள் ஜெப வட்டம் நினைவுக்கு வந்தது.

அந்தப் புதன்கிழமை எனக்கு விடை கிடைத்தது. எங்கள் வட்டத்தில் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் இருக்கிறார். ஒருவருக்கும் தீங்கு நினைக்காத மனுசி. அவருடைய மருமகன் அதே திணைக்களத்தில் எஞ்சினியர். அது எனக்குத் தெரியாத விசயம் இல்லை. ஜெபத்தில் கண்ணை மூடினால் அவர் எனக்கு ரீச்சர் மட்டும்தான், வேறு ஒரு நினைப்பும் வராது. போகும்போது ரீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, உங்கடை காரியத்துக்கு ஒவ்வொரு நாளும் வீட்டிலை ஜெபிக்கிறம். அந்தச் சகோதரன் சோதிக்காமல் விட்ட மண்ணுக்கும் ஜெபிக்கிறம். மருமகனும் ஆமென் சொன்னவர்."

நான் அவரைக் கேற்றடிவரை கொண்டுபோய் விட்டேன். ரீச்சருக்கு நன்றி கூடச் சொன்னேன்.

மறுநாள் என் சட்டத்தரணியிடம் போய், வேறு யாருக்கோ நடந்ததைப் போலக் கேட்டேன். கூட நிற்பவர் ஒருவர் வாய் தவறி மற்றவரின் கடிதத்தைச் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று. அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். "கடிதம் ஆருக்கு எழுதினதோ, அந்த இரகசியம் அவருக்குச் சொந்தம். கூட நிக்கிற ஆள் அதைத் திறந்துவிட ஏலாது. அவர் திறந்தாலும் அது மூடினதாய்த்தான் இருக்கவேணும் எண்டு நாங்கள் வாதாடலாம். ஆனால் சொந்த வீட்டாலை, அவர் நம்பி அனுப்பின ஆளாலை வெளிக்கிட்டிருந்தால் கஷ்டம். அவரே திறந்ததெண்டு சொல்லிப்போடுவினம்." பிறகு மெதுவாக, "ஆர் சொன்னது, அங்கிள்?" என்று கேட்டார்.

"இன்னும் தெரியேல்லை மிஸ்" என்றேன்.

அதாவது அண்ணை, நான் வாயைத் திறந்தால் உங்கள் கடிதம் தப்பும். உங்கள் பெயர் தப்பும். உங்கள் மச்சானும் தப்புவார். வாயை மூடியிருந்தால் மூன்றும் போகும். இதைத் தெரிந்துகொண்டுதான் நான் வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிட்டேன். வட்டத்துக்குள் என் பெயர் என்ன ஆகும், ரீச்சர் எப்படித் தாங்குவார், நீங்கள் என்னை எப்படிப் பார்ப்பீர்கள் என்று ஒவ்வொரு நாளும் ஒரு சாட்டு. மூன்று கிழமை இருக்கிறதே என்றும் ஒரு சாட்டு.

அதற்குள் நீங்கள் மச்சானைப் படலையோடு நிறுத்திவிட்டீர்கள். தொலைபேசியில் சொன்னீர்கள். "இனி இந்த வளவுக்குள்ளை கால் வைக்காதை எண்டு சொல்லிப்போட்டன். தமக்கைக்காரி அழுகிறாள். என்ன செய்யிறது?"

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை, அவசரப்படாதேங்கோ," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

பிறகு உங்களுக்கு நெஞ்சு வலி வந்தது. நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தீர்கள். நான்கு நாளும் வந்தேன். தோடம்பழம் உரித்துத் தந்தேன், தலையணையைச் சரிசெய்தேன். சொல்ல வந்ததை மட்டும் சொல்லவில்லை. அவரைக் கலவரப்படுத்த வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதைவிட நல்ல சாட்டு எனக்கு எங்கே கிடைக்கும்?

நான்காம் நாள், "உவன் வரேல்லை, பாத்தீரே?" என்றீர்கள். "செய்தது தெரிஞ்சுதான் வரேல்லை."

"கூப்பிடட்டோ அண்ணை?"

"வேண்டாம்." ஆனால் வார்ட்டுக் கதவடியில் யாராவது செருப்புச் சத்தத்தோடு வந்தால் தலையைத் தூக்கிப் பார்த்தீர்கள். வேறு ஆள் என்று தெரிந்ததும் தலையணையில் சாய்ந்தீர்கள். அதைப் பார்த்துக்கொண்டு நான் தோடம்பழத் தோலைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் காலையில் நீங்கள் போய்விட்டீர்கள்.

செத்தவீட்டில் எல்லோரும் வாய்க்கரிசி போட்டார்கள். நானும் போட்டேன், கிறிஸ்தவன் என்று ஒருவரும் தடுக்கவில்லை. உங்கள் மச்சான் றோட்டுக்கு அந்தப் பக்கம் வேலியோரம் நின்றார். உங்கள் மனைவி அழுகைக்கு நடுவில் இரண்டு தடவை ஆள் அனுப்பினார். "அத்தான் வரவேண்டாமெண்டு சொன்னவர்" என்று மச்சான் திருப்பிச் சொல்லியனுப்பினாராம். பாடை போனபிறகும் அவர் அதே இடத்தில் நின்றதைக் கண்டேன்.

அன்று பின்னேரமே சட்டத்தரணியிடம் போனேன். சத்தியக்கடதாசி எழுதிக் கையெழுத்து வைத்தேன். அந்தக் கடிதத்தின் விசயத்தை உங்கள் அனுமதி இல்லாமல் என் வீட்டில் பத்துப் பேர் முன்னால் சொன்னவன் நான்தான் என்று, அதில் உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ எந்தப் பங்கும் இல்லை என்று. சட்டத்தரணி அதை இரண்டு தடவை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மூண்டு கிழமைக்குள்ளைதானே வந்திட்டன் மிஸ்" என்றேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததே என்று இன்றும் வெட்கம்.

அது எடுபட்டது. ஒருவரின் இரகசியத்தை அவரோடு நிற்பவர் விட்டுக்கொடுக்க முடியாது என்று நடுத்தீர்ப்பாளர் தீர்மானித்தார். கடிதம் உறைக்குள்ளேயே இருந்தது. ஒரு வருடத்துக்கு மேல் இழுபட்டுக் கடைசியில், பிழை நில அறிக்கையில்தான் என்று முடிவு வந்தது. கறுப்புப் பட்டியலில் உங்கள் பெயர் போகவில்லை. உங்கள் மகன் இப்போது அதே பெயரில் வேலை எடுக்கிறார். அந்தத் தீர்ப்புத் தாளை உங்கள் மனைவியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "அவர் கடைசிவரைக்கும் உங்களைத்தான் நம்பினவர்" என்றார். அங்கேயே, அவருடைய வாசலில் நின்று, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அந்தத் தாளை மடித்தார். பிறகு, "தம்பியட்டைப் போய்ச் சொல்லுங்கோ. என்னட்டைச் சொல்லி என்ன?" என்றார்.

உங்கள் மச்சான் புகையிலைத் தோட்டத்தில் நின்றார். வாய்க்காலை மாற்றிக் கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது.

"நான் இல்லையெண்டு எனக்குத் தெரியும்தானே," என்றார் கடைசியில். "உறையை நான் தொட்டுக்கூடப் பிரிக்கேல்லை. அத்தானுக்கு அதை ஆரும் சொல்லேல்லை, அதுதான்." வாய்க்காலை மறித்துவிட்டு நிமிர்ந்தார். "அவர் என்னைக் கேட்டவரோ?"

"வாயாலை கேக்கேல்லை. ஆரும் வந்தால் கதவைப் பாத்தவர்," என்றேன்.

அதற்குப் பிறகுதான் அவர் அழுதார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"அந்த நாலு நாளும் நான் ஆஸ்பத்திரிக்கு முன்னாலை தேத்தண்ணிக் கடையிலைதான் இருந்தனான். காலமை வந்தால் பொழுதுபடத்தான் போறது. உள்ளை வரப் பயம், என்னைக் கண்டால் அவருக்கு நெஞ்சுவலி கூடிப்போகுமோ எண்டு. நீங்கள் பழப் பையோடை உள்ளை போறதையும் வாறதையும் பாத்துக்கொண்டுதான் இருந்தனான். இவர் இருக்கிறார், அத்தானைப் பாத்துக்கொள்ளுவார் எண்டு நினைச்சன்."

நான்கு நாளும் அந்தக் கடையைத் தாண்டித்தான் உங்களிடம் வந்தேன், அண்ணை. றோட்டைக் கடந்து போய் அவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்திருந்தால் போதும். இப்போதும் புதன்கிழமைகளில் வட்டத்தில் என் முறை வருகிறது. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கிறார்கள். நான் ஒன்றும் சொல்லாமல் இருக்க, பக்கத்தில் இருப்பவர் தொடங்கிவிடுகிறார்.